பரண் மேல் கிடந்த பலாப் பலகை



போன வாரம் ஒரு படம் போட்டிருந்தேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் சாய்த்து வைத்த ஒரு பழுப்பு மஞ்சள் நிறக் கிட்டார். "சார், எங்கே வாங்கினீர்கள்?" என்று சிலர். "இந்த வயதில் கிட்டார் கற்றுக்கொள்கிறீர்களா?" என்று சிலர். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் மட்டும், "இதற்கு நடுவில் ஓட்டையே இல்லையே, சத்தம் எப்படி வரும்?" என்று கேட்டிருந்தார். சரியான கேள்வி. எல்லாருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

முதலில் ஒன்று. அது வாங்கியது இல்லை, செய்தது. நானும், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து இன்று ஊரில் பேர் சொல்லும் தச்சராக இருக்கும் ஒரு தம்பியும் சேர்ந்து எட்டு மாதத்தில் செய்தோம். எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. சுருதி சேர்க்கவும் தெரியாது. இடைநிலை ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் களிமண்ணும் காகித வேலையும்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஏன் செய்தேன் என்பதற்கு 1999-க்குப் போக வேண்டும்.

என் மகன் அப்போது பிளஸ் ஒன். பண்ருட்டியில் அவனுடைய நண்பன் ஒருவன் பழைய கிட்டார் ஒன்றை விற்கிறான், எண்ணூறு ரூபாய், வாங்கித் தருகிறீர்களா என்று கேட்டான். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "முதலில் மார்க்கைக் காட்டு, அப்புறம் பார்க்கலாம்" என்றேன். எண்ணூறு ரூபாய் அன்று எனக்குப் பெரிய தொகைதான், ஆனால் முடியாத தொகை இல்லை. பணம் காரணமில்லை, பயம்தான். பாட்டு, சினிமா என்று போய்விடுவானோ என்கிற வாத்தியார் வீட்டுப் பயம்.

அவன் மார்க்கைக் காட்டினான். பிளஸ் டூவில் 1200-க்கு 1096. பொறியியல் கிடைத்தது. நான் ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். கிட்டாரை மறந்துவிட்டேன். அவனும் அதன் பிறகு அதைப் பற்றிக் கேட்கவேயில்லை.

இப்போது அவன் பெங்களூரில் இருக்கிறான். போன வருடம் மே மாதம் விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்திருந்தான். ஒருநாள் காலை நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே பேத்தி, பதின்மூன்று வயது, எலெக்ட்ரிக் கிட்டார் வேண்டும் என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் ஏதோ சமாதானம் சொன்னான். "அப்போ தாத்தாகிட்ட கேக்கவா?" என்றாள்.

"தாத்தாகிட்ட வேண்டாம்மா. மார்க் ஷீட்டை எடுத்துட்டு வான்னு சொல்வார்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் பேப்பரின் அதே பக்கத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடையில் வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஓய்வூதியம் வருகிறது. ஆனால் வாங்கிக் கொடுத்தால் அது இருபத்தைந்து வருடம் கழித்து எண்ணூறு ரூபாயைத் திருப்பித் தருவது போல ஆகிவிடும் என்று தோன்றியது. அன்று இரவு பேத்தியே தன் செல்போனில் ஒரு கதை காட்டினாள். இங்கிலாந்தில் குயின் என்றொரு இசைக்குழு. அதன் கிட்டார் கலைஞர் பிரையன் மே பள்ளி மாணவனாக இருந்தபோது, 1963-இல், கடையில் கிட்டார் வாங்க வசதியில்லாமல் தன் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே ஒன்று செய்யத் தொடங்கினார். இரண்டு வருடம் ஆயிற்றாம். கழுத்துப் பகுதிக்கு ஒரு பழைய கணப்பு அடுப்பின் மேல்சட்டம். உடம்புக்கு ஒரு பழைய மேசையின் ஓக் மரம். கம்பியை அசைக்கும் அமைப்புக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். அந்தப் பிடியின் நுனிக்கு அம்மாவின் கம்பளி பின்னும் ஊசி. கணப்புச் சட்டத்தில் பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்களாம். அந்தக் கிட்டாரைத்தான் அவர் வாழ்நாள் முழுக்க மேடைகளில் வாசித்தார்.

அந்தப் பையன் பிறகு பாட்டுக்காக முனைவர் பட்ட ஆராய்ச்சியைப் பாதியில் விட்டார் என்றும், அவருடைய அப்பாவுக்கு அது பெரிய வருத்தம் என்றும் பேத்தி சொன்னாள். எனக்கு அந்த அப்பாவைப் புரிந்தது. ஆராய்ச்சியை அவர் 2007-இல் முடித்து வானியற்பியலில் பட்டம் வாங்கிவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் அல்லவா, அது எனக்கு முக்கியம்.

சரி, டீச்சர் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

சாதாரண கிட்டாரும் வீணையும் உள்ளே வெற்றிடம் உள்ளவை. கம்பியின் அதிர்வை மரம் வாங்கி, உள்ளிருக்கும் காற்றோடு சேர்ந்து பெரிதாக்கும். அங்கே மரம்தான் தொண்டை. தஞ்சாவூர் வீணைக்கும் தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் பலா மரத்தைத் தேடிப் போவது அதனால்தான். நாம் செய்தது வேறு ஜாதி. முழுக்கட்டை. வெறும் பலகை. கம்பிக்கு அடியில் பிக்கப் என்று ஒன்று வைப்பார்கள். காந்தம், அதைச் சுற்றி முடியைப் போல மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும், சுருளில் சிறு மின்சாரம் உண்டாகும். ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்ததும், நம் சைக்கிள் டைனமோவில் நடப்பதும் இதே சங்கதிதான். அந்த மின்சாரத்தை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்குகிறது. நைலான் கம்பி கட்டினால் இந்தக் கிட்டார் ஊமை. ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வாசித்தால் கொசு பாடுவது போலத்தான் கேட்கும்.

இந்த வகையை முதலில் பெரிய அளவில் செய்து விற்ற அமெரிக்கர் லியோ ஃபெண்டர் ரேடியோ பழுது பார்த்தவர். அவருக்கும் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1950-இல் அவர் செய்த வடிவம் இன்றும் அப்படியே விற்கிறது. இதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

அப்படியானால் எந்த மரமாக இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். என் தச்சர் தம்பி கேட்கவில்லை. "வீணைக்கே பலாதான் சார், இதுக்கும் பலாதான்" என்றார். நான் சொன்னேன், வீணையில் மரம் பாட வேண்டும், இதில் மரம் பாடக் கூடாது தம்பி, அசையாமல் நிற்க வேண்டும். மரத்தால் ஒலி மாறுமா, எவ்வளவு மாறும் என்று உலகம் முழுக்க இன்றும் சண்டை போடுகிறார்கள். பிக்கப், கம்பி, அவை இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஆகியவற்றோடு பார்த்தால் மரத்தின் பங்கு சிறியது என்பதே எங்கள் இருவருக்கும் கடைசியில் புரிந்தது. ஃபெண்டர்கூட முதலில் ஆஷ் மரத்தையும் பிறகு ஆல்டர் மரத்தையும் எடுத்தது, அவர் ஊரில் அவை எளிதாகக் கிடைத்தன, வேலைக்கு இணங்கின என்பதால்தான்.

ஆனால் நிற்பதும் சின்ன வேலை இல்லை. ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ எடை அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும், இரவும் பகலும். ஒரு மூட்டை அரிசியைத் தொங்கவிட்டது போல. மரம் ஈரமாக இருந்தால் காயக் காய முறுக்கும். முறுக்கினால் சுருதி நிற்காது. திருகாணி பிடிக்காத மிருதுவான மரம் உதவாது. ரொம்பக் கனமான மரம் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தோளுக்கு ஆகாது.

இதில் நான் ஒரு தவறு செய்தேன். அவசரப்பட்டு ஒரு மரக்கடையில் தேக்குப் பலகை வாங்கினேன். "நல்லா காய்ஞ்சது சார், கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்து வந்தேன். வீட்டில் வந்து ஒரு சந்தேகம். எதிர்வீட்டு மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். 5 கிலோ 420 கிராம். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினேன். நிழலில் வைத்து வாரா வாரம் நிறுத்தேன். மூன்றாவது வாரம் 5 கிலோ 50 கிராம். 370 கிராம் தண்ணீருக்கு நான் தேக்கு விலை கொடுத்திருக்கிறேன். நான்காவது வாரம் தரையில் வைத்தால் பலகை ஆடியது. நடுவில் வளைந்துவிட்டது.

மரம் வாங்கும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பலகை காய்ந்ததா என்று தட்டிப் பார்த்தோ முகர்ந்து பார்த்தோ நம்மைப் போன்றவர்களால் சொல்ல முடியாது. தராசு சொல்லும். எடை குறைவது நின்றால்தான் மரம் உங்கள் வீட்டுக் காற்றோடு சமாதானம் ஆகிவிட்டது என்று பொருள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் நிழலில் காய வேண்டும் என்பது தச்சர்களின் பழைய கணக்கு.

வளைந்த தேக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது என் மனைவிதான் சொன்னார். "பரண்ல பலாப் பலகை கிடக்குதே."

அந்தப் பலகைக்கு ஒரு கதை உண்டு. 1983-இல் மகன் பிறந்த வருடம் கொல்லையில் ஒரு பலாக் கன்று வைத்தோம். எங்கள் பக்கத்தில் பலா இல்லாத வீடு கிடையாது. அவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு அது காய்க்கத் தொடங்கியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த விடியற்காலையை விவரிக்க வேண்டியதில்லை. விடிந்து பார்த்தால் முந்திரியும் பலாவும் தோப்பு தோப்பாகச் சாய்ந்து கிடந்தன. எங்கள் மரம் வேரோடு பெயர்ந்து சுற்றுச்சுவர் மேல் படுத்திருந்தது. விறகு விலைக்குக் கேட்டார்கள். என் மனைவி கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மில்லில் கொடுத்து இரண்டு அங்குலக் கனத்தில் ஆறு பலகை அறுத்து, பூஜை அறைக்குக் கதவு செய்யலாம் என்று பரணில் ஏற்றினோம். கதவு செய்யவேயில்லை. அந்தப் பொறுப்பு என்னுடையது.

"கதவுக்குன்னு வச்சதாச்சே?" என்றேன்.

"அவன் மரம். அவன் பொண்ணுக்குத்தானே போகுது" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

ஏழடிப் பலகை ஒன்றை இறக்கினோம். ஓரத்து வெள்ளைப் பகுதியில் வண்டு துளைத்து மாவாகக் கொட்டியது. தம்பி அதைச் சீவித் தள்ளினார். உள்ளே வைரம் பாய்ந்த பகுதியில் ஒரு துளை இல்லை. இழைப்புளி ஓடியதும் பழுப்புக்கு அடியிலிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. இரண்டு துண்டுகளாக வெட்டி எடை போட்டோம். ஒரு மாதம் நிறுத்தேன். ஐந்து கிராம்கூட மாறவில்லை. பன்னிரண்டு வருடம் பரணில் இருந்ததற்கு அது வாங்கிய மார்க்.

இரண்டு துண்டையும் பக்கவாட்டில் ஒட்டினால்தான் பதின்மூன்று அங்குல அகலம் வரும். ரேகைகள் ஒன்றுக்கொன்று எதிராக ஓடாமல் பார்த்துப் பொருத்தி, பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கி ஒரு நாள் விட்டோம். அட்டையில் வடிவம் வெட்டி, வரைந்து, அறுத்தோம். கனம் ஒன்றேமுக்கால் அங்குலம். உடம்பு மட்டும் 2 கிலோ 600 கிராம் வந்தது. பிள்ளைக்கு இது பாரம். பின்பக்கத்தில் வயிற்றில் பதியும் இடத்தை வளைவாகச் சீவி, உள்ளே வயர் வைக்கும் குழியைப் பெரிதாக்கி, 2 கிலோ 250-க்குக் கொண்டுவந்தோம்.

கழுத்தை நாங்கள் செய்யவில்லை. உள்ளே எஃகுக் கம்பி ஓடும், மேலே இருபத்திரண்டு ஃபிரெட்டும் மயிரிழை பிசகாமல் இருக்க வேண்டும். மேப்பிள் மரத்தில் தயாராகக் கிடைப்பதை வரவழைத்தோம். ஆனால் ஃபிரெட்டின் கணக்கை நான் விடவில்லை. கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர். அதை 17.817-ஆல் வகுத்தால் 36.37. முதல் ஃபிரெட் அங்கே. மிச்சமிருக்கும் நீளத்தை மறுபடி 17.817-ஆல் வகுத்தால் இரண்டாவது ஃபிரெட்டுக்கான இடைவெளி. இப்படிப் பன்னிரண்டு முறை செய்தால் சரியாகப் பாதி, 324-இல் வந்து நிற்கும். அங்கே அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். பேத்திக்குப் போனில் இந்தக் கணக்கைக் கொடுத்தேன். பன்னிரண்டு வரியும் போட்டுப் படம் எடுத்து அனுப்பினாள். "தாத்தா, கரெக்டா பாதி வருது!" என்று கீழே எழுதியிருந்தாள். முப்பத்தேழு வருடம் கணக்கு சொல்லிக் கொடுத்ததில் இந்த மாதிரி ஆச்சரியக்குறி எனக்கு அதிகம் கிடைத்ததில்லை.

மார்கழியில் அரக்குப் பாலிஷ் ஏற்றி, பிக்கப், வால்யூம், டோன் எல்லாம் பொருத்தி, புத்தகத்தைப் பார்த்துச் சால்டரிங் நானே செய்தேன். பொங்கலுக்கு எல்லாரும் வந்தார்கள். மகனிடம் முன்பே சொல்லவில்லை. பேத்தி வாயைத் திறக்காமல் இருந்தது அதிசயம். போகி இரவு துணியை விலக்கிக் காட்டினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பேத்தி வயரைச் செருகி ஆம்ப்ளிஃபயரைப் போட்டாள்.

கொர்ர்ர் என்று ஓர் இரைச்சல். மின்மாற்றிக்குக் கீழே நிற்பது போல. கம்பியைத் தட்டினால் அதற்குள் எங்கோ சுரம் கேட்டது. பேத்தியின் முகம் வாடிவிட்டது. எனக்கு எட்டு மாதமும் தொண்டையில் வந்து நின்றது.

மகன் எழுந்து வந்தான். கம்பியில் கை வைத்தான், இரைச்சல் அப்படியே இருந்தது. வயர் செருகும் இரும்பு வாயில் விரலை வைத்தான், இரைச்சல் பெரும்பாலும் அடங்கியது. இப்படி இரண்டு மூன்று முறை செய்து பார்த்தான்.

"பிரிட்ஜுக்கு எர்த் போகலப்பா. வயர் விட்டீங்களா?"

விடவில்லை. கம்பிகளைத் தாங்கும் அந்த இரும்புப் பாலத்துக்கு அடியிலிருந்து ஒரு வயர் உள்ளே போக வேண்டும். அதற்குத் துளையே போடவில்லை. புத்தகத்தில் ஒரு பக்கம் தாண்டியிருக்கிறேன்.

"காலைல பாத்துக்கலாம்" என்றேன். "இல்ல, இப்பவே பண்ணிடலாம்" என்றான். கம்பிகளைக் கழற்றினோம். பாலத்தைக் கழற்றினோம். பிக்கப் குழியிலிருந்து சாய்வாகத் துளை போட வேண்டும், மேலே பிய்த்துக்கொண்டு வந்தால் எல்லாம் போச்சு. நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன், அவன் கைத்துரப்பணத்தை மெதுவாகச் சுற்றினான், என் மனைவி டார்ச் அடித்தார். மஞ்சள் தூள் சுருள் சுருளாக வந்தது. அவன் ஒரு சுருளை எடுத்துப் பார்த்து, "இது என்ன மரம்?" என்று கேட்டான்.

"கொல்லையில இருந்ததுதான்" என்றார் என் மனைவி.

அவன் துரப்பணத்தைச் சற்று நிறுத்தினான். பிறகு மறுபடி சுற்றினான்.

வயரைப் பற்றவைத்து எல்லாம் திரும்பப் பொருத்தி முடிக்கும்போது மணி ஒன்று. பேத்தி சோபாவிலேயே தூங்கிவிட்டாள். ஆம்ப்ளிஃபயரைக் குறைவாக வைத்துப் போட்டான். அமைதி. இரைச்சல் இல்லை. கிட்டாரை மடியில் வைத்துச் சுருதி சேர்த்தான். பிறகு இடது கை விரல்களை ஒரு வடிவில் வைத்து ஆறு கம்பிகளையும் ஒருமுறை மீட்டினான். இன்னொரு வடிவம். இன்னொன்று. விரல்கள் தயங்கின, ஆனால் இடம் தெரிந்துதான் போயின.

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"காலேஜ் ஹாஸ்டல்ல. ரூம்மேட் வச்சிருந்தான். மூணு கார்டுதான் வரும்."

"சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையேப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. கிட்டாரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். என்னிடம் பதில் இல்லை. "இன்னொரு தடவை வாசி" என்றேன். வாசித்தான்.

மறுநாள் பொங்கல் வைத்த பிறகு பேத்தி ஒரு வேலை செய்தாள். கழுத்தைப் பொருத்தும் நான்கு திருகாணிகளையும் அப்பாவைக் கழற்றச் சொல்லி, வெளியே தெரியாத அந்தக் குழிக்குள் பென்சிலால் மூன்று எண்கள் எழுதினாள். 1983, 2011, 2025. அந்தக் காலத்தில் ஃபெண்டர் தொழிற்சாலையிலும் கழுத்தின் அடியில் இப்படித்தான் தேதி எழுதுவார்களாம். தச்சர் தம்பியைக் கூப்பிட்டு அவர் பெயரையும் எழுத வைத்தாள். பிறகு மூடிவிட்டார்கள். இன்னும் ஐம்பது வருடம் கழித்து யாராவது பழுது பார்க்கத் திறந்தால் யோசித்துக்கொள்ளட்டும்.

கிட்டார் இப்போது பெங்களூரில் இருக்கிறது. நேற்று வீடியோவில் அவள் வாசித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு, "கொஞ்ச நேரம் குடும்மா" என்று வாங்கிக்கொண்டது. அந்தக் கைக்கு நாற்பத்தோரு வயது.

வீட்டில் வாங்கிப் போட்ட மரமோ, விழுந்த மரமோ இருந்தால் விறகுக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள். வீட்டில் பிள்ளைகள் எதையாவது கேட்டு, நீங்கள் "அப்புறம்" என்று சொல்லி, அவர்கள் மறுபடி கேட்காமல் இருந்தால், அதையும் ஒருமுறை யோசியுங்கள். நீங்களாகப் போய்க் கேட்கலாம், தப்பில்லை.

பரணில் இன்னும் ஐந்து பலகை இருக்கிறது. அது பூஜை அறைக் கதவுக்குத்தான். வேறு யாரும் கேட்க வேண்டாம். என் மனைவியும் இந்தப் பதிவைப் படிப்பார்.